அரேபியர்கள் வெறும் தபால்காரர்களா?

இடைக்கால அரபு அறிவியல் பற்றிய உங்கள் கேள்விக்குள் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர், "அரேபியர்கள் சொந்தமாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, கிரேக்கத்திடமும் இந்தியாவிடமும் வாங்கியதை மொழிபெயர்த்து ஐரோப்பாவிடம் கொடுத்த தபால்காரர்கள், அவ்வளவுதான்" என்கிறார். இன்னொருவர், "பூஜ்யம் முதல் விமானம் வரை எல்லாம் அவர்கள் கண்டுபிடிப்பு, ஐரோப்பா மூடி மறைத்துவிட்டது" என்கிறார். எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு ஒன்று என்று எனக்குப் படுகிறது. பிறரிடமிருந்து வாங்கிய அறிவில் இவர்கள் எதைச் சேர்த்தார்கள், சேர்த்தார்கள் என்று நாம் எதை வைத்துச் சொல்ல முடியும்? இதற்குப் பதில் உண்டு, ஆனால் கொஞ்சம் நீளம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்தவன். கணித வரலாறு என்று ஒரு விருப்பப் பாடம் இருந்தது. எடுக்க ஆள் இல்லாமல் என் தலையில் விழுந்து, பிறகு அதுவே பிடித்துப் போனது. அரபியை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மூல நூல்களைப் படித்ததெல்லாம் மொழிபெயர்ப்பில்தான். அதனால் கணிதம், வானியல் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பி எடுத்துக்கொள்ளலாம். மருத்துவம் பற்றிச் சொல்வதெல்லாம் அந்தத் துறைக்காரர்கள் எழுதியதைப் படித்து வந்த அறிவு.

"அரேபியர்" என்றால் யார் என்பதில்தான் பாதிக் குழப்பம். அல்-கிந்தி என்ற தத்துவவாதி கிந்தா குலத்தில் வந்த அசல் அரேபியர். ஆனால் அல்-குவாரிஸ்மி என்ற கணிதரின் பெயரே அவர் குடும்பம் ஆரல் கடலுக்குத் தெற்கே இருந்த குவாரிஸம் நாட்டிலிருந்து வந்தது என்று காட்டுகிறது. மருத்துவர் இப்னு சீனா புகாராவுக்குப் பக்கத்தில் பிறந்தவர், பாரசீகம் பேசியவர். மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறிஸ்தவர். கணிதர் தாபித் இப்னு குர்ரா ஹர்ரான் ஊரைச் சேர்ந்தவர். கோள்களை வழிபட்ட ஸாபியர். வானியலாளர் அல்-பிரூனிக்குத் தாய்மொழி குவாரிஸமியம். இருந்தும், பாரசீகத்தில் புகழப்படுவதைவிட அரபியில் திட்டு வாங்குவது மேல் என்று எழுதி வைத்திருக்கிறார். ஆக, நாம் பேசுவது ஓர் இனத்தைப் பற்றி அல்ல. அரபியில் எழுதிய, பல இனமும் பல மதமும் கலந்த ஒரு கூட்டத்தைப் பற்றி. "அவர் அரேபியரே இல்லை, பாரசீகர்" என்று யாராவது வாதம் செய்தால் சரி என்று ஒப்புக்கொண்டு மேலே போய்விடுங்கள். அரபி மொழியும், அதைப் பேசிய அரசுகளின் பணமும், அந்தச் சந்தையும் இல்லாமல் அவர் அந்த நூலை எழுதியிருக்க மாட்டார் என்பதே போதும்.

கதை தொடங்குவது பாக்தாதில். அப்பாஸிய கலீபா அல்-மன்சூர் 762ல் அந்த நகரத்துக்கு அடித்தளம் போட்டபோது ஜோதிடர்களை வைத்து நாள் குறித்தார். ஒருவர் நவ்பக்த் என்ற பாரசீகர், இன்னொருவர் மாஷா அல்லாஹ் என்ற யூதர். நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. ஆனால் வரலாற்றுக்கு இது முக்கியமான தகவல். ஜாதகம் கணிக்கக் கோள்களின் நிலை தெரிய வேண்டும். அதற்கு வானியல் அட்டவணை வேண்டும். அட்டவணைக்கு முக்கோணவியல் வேண்டும். இப்படித்தான் அரசவையின் தேவை ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. வரி வசூலிக்கக் கணக்கர், வாய்க்கால் வெட்ட நில அளவையாளர், கலீபாவின் வயிற்று வலிக்கு வைத்தியர் என்று எல்லாருக்கும் நூல் வேண்டியிருந்தது. எட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் பாக்தாதில் காகிதமும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். தோல் ஏடும் பாப்பிரஸும் கொடுக்காத மலிவைக் காகிதம் கொடுத்தது.

இந்த இடத்தில் இரண்டு பிரபலமான கதைகளைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 751ல் தலாஸ் போரில் பிடிபட்ட சீனக் கைதிகள்தான் காகிதம் செய்யக் கற்றுக் கொடுத்தார்கள் என்பது ஒன்று. இந்தக் கதை நமக்குக் கிடைப்பது போருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதப்பட்ட குறிப்பில். மத்திய ஆசியாவில் அதற்கு முன்பே காகிதம் புழக்கத்தில் இருந்தது. இன்னொன்று "ஞான இல்லம்". கலீபா மாமூன் கட்டிய பெரிய பல்கலைக்கழகம், அங்கே மொழிபெயர்ப்பாளர்கள் வரிசையாக உட்கார்ந்து கிரேக்க நூல்களை அரபியாக்கினார்கள் என்று ஆவணப்படங்களில் காட்டுகிறார்கள். அரண்மனையில் அந்தப் பெயரில் ஒரு நூலகம் இருந்தது உண்மை. கிரேக்க மொழிபெயர்ப்புகள் அங்கேதான் நடந்தன என்பதற்குச் சான்று மிகக் குறைவு. நமக்குத் தெரிந்த மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவை தனி மனிதர்கள் காசு கொடுத்துச் செய்வித்தவை. பனூ மூஸா என்ற மூன்று சகோதரர்கள் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மாதம் 500 தினார் வரை செலவழித்ததாகப் பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. அரசாங்கத் திட்டம் என்பதைவிடப் பணக்காரர்களின் மோகம் என்று சொன்னால் பொருந்தும்.

மொழிபெயர்ப்பு எப்படி நடந்தது என்று கிட்டப் போய்ப் பார்த்தாலே தபால்காரர் என்ற பேச்சு ஆட்டம் காண ஆரம்பிக்கும். ஹுனைன், 873ல் இறந்தவர், கிரேக்க மருத்துவர் காலனின் நூல்களில் எவை எவை மொழிபெயர்க்கப்பட்டன, யார் செய்தார், யார் கேட்டுச் செய்தார் என்று 129 தலைப்புகளைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதில் ஒரு நூலைப் பற்றிச் சொல்வது: இருபது வயதில் பிழை மலிந்த ஒரு கிரேக்கப் பிரதியை வைத்து அதை மொழிபெயர்த்தார். நாற்பது வயதை எட்டியபோது மாணவர் ஹுபைஷ் அதைத் திருத்தித் தரச் சொன்னார். அதற்குள் அவரிடம் அதே நூலின் பல கிரேக்கப் பிரதிகள் சேர்ந்திருந்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சரியான ஒரு பிரதியை முதலில் உருவாக்கி, அப்புறம் பழைய மொழிபெயர்ப்பை அதன் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி திருத்தினார். எல்லா நூலையும் இப்படித்தான் செய்வேன் என்கிறார். உ.வே.சா. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று விளக்க வேண்டியதில்லை. காலனின் இன்னொரு நூலைத் தேடி ஈராக், சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாண்ட்ரியா வரை அலைந்திருக்கிறார். டமாஸ்கஸில் ஏறக்குறைய பாதி கிடைத்தது, அதுவும் ஒழுங்கு குலைந்து. அந்த நூலின் முழு கிரேக்க மூலம் இன்று வரை கிடைக்கவில்லை.

இந்தியப் பங்குக்கு வருவோம். நம்மவர்களுக்குச் சூடு ஏறுவது இங்கேதான். 770களில் சிந்துப் பகுதியிலிருந்து பாக்தாதுக்கு வந்த தூதுக் குழுவோடு ஒரு சமஸ்கிருத வானியல் நூலும் போய்ச் சேர்ந்தது. அது கணிதர் பிரம்மகுப்தர் மரபைச் சேர்ந்தது. அல்-ஃபஸாரி அதை அரபியாக்கினார். 'சிந்த்ஹிந்த்' என்ற பெயரில் அந்த வகை அட்டவணைகள் ஸ்பெயின் வரை பரவின. மருத்துவத்திலும் அப்படித்தான். ஹாரூன் அல்-ரஷீதின் அமைச்சர்களாக இருந்த பர்மகி குடும்பம் பல்கு நகரத்தில் ஒரு பௌத்த மடத்துக்குத் தலைமை தாங்கிய பரம்பரை. அவர்கள்தான் சுஸ்ருதரின் நூலை அரபியாக்கச் சொன்னார்கள். இந்திய எண்களின் புகழ் இதற்கும் முன்பே அந்தப் பக்கம் எட்டியிருந்தது. 662ல் செவெரஸ் செபோக்த் என்ற சிரிய ஆயர், கிரேக்கர்களுக்கு மட்டும்தான் அறிவு உண்டு என்று நினைப்பவர்கள் ஒன்பது குறியீடுகளை வைத்து இந்தியர்கள் செய்யும் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

திருடினார்களா? திருடியவன் எடுத்த இடத்தைப் பெயர்ப் பலகை எழுதி மாட்டமாட்டான். அரபிக் கணித நூல்கள் தலைப்பிலேயே "இந்தியக் கணக்கு" என்று போட்டுக்கொண்டன. அரபு நாடுகள் பலவற்றில் இன்றும் எழுதும் எண்களுக்கு அங்கே "இந்திய எண்கள்" என்றே பெயர். நாம்தான் மற்றவர்களைப் பார்த்து, நாம் எழுதும் 1, 2, 3ஐ அரபு எண்கள் என்கிறோம். "நாம் கொடுத்த பூஜ்யம்" என்று மார் தட்டுவதற்கு முன் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். நம் பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள். அந்த எழுத்து முறையில் பூஜ்யத்துக்கு வேலையே இல்லை. நாட்டார் கணக்குப்பிள்ளைகள் அதை வைத்தே நூற்றாண்டுக் கணக்கில் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான சாட்சி, அல்-குவாரிஸ்மி. மாமூன் கலீபாவாக இருந்த 813 முதல் 833 வரையிலான காலத்தில் அவருக்குச் சமர்ப்பித்து ஒரு நூல் எழுதினார். மேல்நாட்டு மொழிகளில் அல்ஜீப்ரா என்று வழங்கும் பெயர் அந்தத் தலைப்பிலிருந்து வந்ததுதான். வாரிசுப் பங்கு, உயில், வழக்கு, வியாபாரம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றுக்கு உதவும்படி எழுதியதாக முன்னுரையில் சொல்கிறார். விளம்பரத்துக்குச் சொன்னதல்ல, நூலில் ஏறக்குறைய பாதி, இஸ்லாமியச் சட்டப்படி சொத்துப் பிரிக்கும் கணக்குகள்தான். குறியீடே கிடையாது, எல்லாம் வாக்கியம். அதில் வரும் புகழ்பெற்ற கணக்கு: ஒரு வர்க்கமும் அதன் மூலத்தைப் போல் பத்து மடங்கும் சேர்ந்தால் முப்பத்தொன்பது, மூலம் எவ்வளவு? பத்தில் பாதி ஐந்து. ஐந்தை ஐந்தால் பெருக்கினால் 25. அதை 39 உடன் கூட்டினால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதில் ஐந்தைக் கழித்தால் 3. விடை மூன்று.

இதில் புதுசாக என்ன இருக்கிறது என்று வகுப்பில் யாராவது ஒரு பையன் கேட்டுவிடுவான். நியாயமான கேள்வி. இந்த வகைக் கணக்கை பாபிலோனியர்கள் அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முன்பே களிமண் பலகையில் போட்டுவிட்டார்கள். பிரம்மகுப்தர் 628லேயே பொது விதி கொடுத்துவிட்டார். ஆனால் அல்-குவாரிஸ்மி இரண்டு காரியம் செய்கிறார். ஒன்று, விடையோடு நிறுத்தாமல் ஏன் சரி என்று படம் போட்டுக் காட்டுகிறார். தெரியாத நீளத்தைப் பக்கமாகக் கொண்ட ஒரு சதுரம். அதன் இரண்டு பக்கங்களில் ஐந்து அகலத்தில் ஒவ்வொரு செவ்வகம். மொத்தப் பரப்பு 39. மூலையில் ஐந்துக்கு ஐந்து அளவில் ஒரு சதுரம் குறைகிறது. அந்த 25ஐ ஒட்டினால் 64 பரப்புள்ள பெரிய சதுரம் முழுமையாகிவிடும். படத்தைப் பார்த்த பிறகு விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாவது, தனித்தனிக் கணக்குகளை விட்டுவிட்டு, ஒருபடி, இருபடிச் சமன்பாடுகள் மொத்தம் எத்தனை வகை இருக்க முடியும் என்று கேட்கிறார். ஆறு வகை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வழி சொல்லி முடிக்கிறார். சமன்பாடு என்பதையே ஒரு படிப்பாக்கியது இதுதான்.

ஏன் ஆறு வகை? குறை எண்களை அவர் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் ஒரே விதி போதும். மேலே சொன்ன கணக்குக்கு குறை 13 என்று இன்னொரு விடையும் உண்டு. அதை அவர் கண்டுகொள்ளவில்லை. பிரம்மகுப்தருக்கோ குறை எண் சர்வ சாதாரணம், கடனும் சொத்துமாக வைத்துக் கூட்டிக் கழிப்பார். அதாவது இந்த விஷயத்தில் அல்-குவாரிஸ்மி ஒரு படி பின்னால் நிற்கிறார். தபால்காரர் வாதத்தை உடைப்பதும் இதே இடம்தான். அப்படியே நகல் எடுத்தவராக இருந்தால் குறை எண்ணும் கூடவே வந்திருக்கும். அவர் எடுத்துக்கொண்டதும் விட்டதும் அவருடைய சொந்தத் தீர்மானம். அந்தச் சதுரப் படங்கள் கிரேக்க வடிவியலாளர் யூக்ளிடைப் படித்து வந்தவையா, நில அளவைக்காரர்களின் பழைய மரபிலிருந்து வந்தவையா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. அவருக்கு அடுத்த தலைமுறையினர், தாபித் இப்னு குர்ரா முதலானோர், அதே விதிகளை யூக்ளிடின் தேற்றங்களை வைத்தே நிரூபித்தார்கள் என்பது மட்டும் நிச்சயம். இந்தியக் கணக்கு முறையும் கிரேக்க நிரூபண முறையும் ஒரே ஆளின் மேசையில் கிடந்தது, நமக்குத் தெரிந்தவரை, அதற்கு முன் எங்கும் நடக்கவில்லை. பிறகு கவிஞரும் கணிதருமான உமர் கய்யாம் முப்படிச் சமன்பாடுகளை வகை பிரித்து, கூம்பு வெட்டுகள் என்ற வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் புள்ளிகளை வைத்துத் தீர்த்தார். எண்ணாகவே விடை தரும் வழி தங்களுக்குப் பிடிபடவில்லை, பின்னால் வருபவர்கள் கண்டுபிடிக்கலாம் என்றும் எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியர்கள் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்களைவிடப் புகழ் குறைந்தவர். அல்-உக்லிதிஸி என்று பெயர், 952ல் டமாஸ்கஸில் இந்தியக் கணக்கு பற்றி நூல் எழுதினார். அதுவரை இந்தக் கணக்கைப் புழுதிப் பலகையில்தான் போடுவார்கள். பலகையில் மண்ணைப் பரப்பி, விரலால் எழுதி, அழித்து அழித்து அடுத்த இலக்கத்துக்குப் போக வேண்டும். பலகையைக் கையில் வைத்திருந்தால் தெருவில் ஜோதிடம் சொல்லிப் பிழைக்கும் உதவாக்கரை என்று நினைத்துவிடுவார்கள், மரியாதைப்பட்டவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறார். அதனால் எதையும் அழிக்காமல் காகிதத்தில் மையால் போடும் முறைகளை உருவாக்குகிறார். நாம் பள்ளியில் பெருக்கல் போட்ட விதம் இந்தத் திசையில் வந்ததுதான். அதே நூலில் 19ஐ ஐந்து முறை பாதியாக்குகிறார்: 9.5, 4.75 என்று போய் 0.59375 வரை. ஒன்றின் இடத்துக்கு மேலே ஒரு சின்னக் கோடு போட்டு, அதற்குப் பின் வருவது பின்னம் என்று காட்டுகிறார். தசம பின்னம் இப்படி எழுதப்பட்டதற்கு நமக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. அந்த நூலின் ஒரே ஒரு பிரதிதான் தப்பிப் பிழைத்தது.

முக்கோணவியலைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். வட்டத்தின் முழு நாணுக்குப் பதில் அரை நாணை (இன்றைய சைன்) வைத்துக் கணக்கிடும் யோசனை இந்தியாவுடையது. மற்ற விகிதங்களைச் சேர்த்ததும், கோளத்தின் மேல் வரையும் முக்கோணங்களுக்குச் சுருக்கமான தேற்றங்கள் கண்டதும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் நஸீருத்தீன் தூஸி அதை வானியலிலிருந்து பிரித்துத் தனிப் பாடமாக்கியதும் அரபி மரபு. எந்த ஊரிலிருந்தும் மெக்கா எந்தத் திசை என்று கண்டுபிடிக்கும் தேவை இதற்கு ஒரு நல்ல உந்துதல்.

ஒளியை ஆராய்ந்த இப்னு அல்-ஹைதம் விஷயத்தில் அவசரப்பட முடியாது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து, 1040 வாக்கில் இறந்தவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை தெரிகிறது என்று யூக்ளிடும் கிரேக்க வானியலாளர் தாலமியும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறதே, கதிர் நம்முடையது என்றால் ஏன் வலிக்க வேண்டும் என்று கேட்டார் இவர். ஒளி வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என்று வைத்துக்கொண்டு, கிரேக்கர்களின் வடிவியலைத் தூக்கிப் போடாமல் அப்படியே திருப்பிப் பொருத்தினார். அவருடைய சோதனை ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இருட்டறையின் சுவரில் ஒரு சின்னத் துளை; வெளியே பல விளக்குகள் வரிசையாக. உள்ளே எதிர்ச் சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப் புள்ளிகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைகிறது, மற்றவை அசையவில்லை. எல்லா ஒளியும் ஒரே துளையில் ஒன்றையொன்று கடந்து போயும் கலந்துவிடவில்லை என்று இதிலிருந்து முடிவு செய்கிறார். தாலமியின் முரண்பாடுகளைப் பட்டியல் போட்ட இன்னொரு நூலில், உண்மையைத் தேடுபவன் முன்னோர் எழுதியதை நம்பிவிடக் கூடாது, தன்னையும் சந்தேகிக்க வேண்டும் என்கிறார்.

இதை வைத்து "உலகின் முதல் விஞ்ஞானி" என்று பட்டம் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தாலமியும் ஒளிவிலகலுக்குச் சோதனை செய்து அட்டவணை போட்டவர்தான். இப்னு அல்-ஹைதம் கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதை ஏற்கவும் இல்லை. ஜெர்மன் வானியலாளர் கெப்ளர் 1604ல்தான் விழித்திரையில் தலைகீழ்ப் பிம்பம் என்று சொன்னார். ஆனால் கெப்ளர் படித்து வளர்ந்த ஒளியியல் இவருடைய நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து கிளைத்தது என்பதில் சந்தேகமே இல்லை. பட்டத்தைவிட இது பெரிது.

வானியலில் நிச்சயமும் சந்தேகமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. தாலமியின் கணக்குப்படி சந்திரன் சில நாட்களில் பூமிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு பக்கத்தில் வர வேண்டும். அப்படியானால் அரை நிலா நாளில் அது இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும். எந்தக் குழந்தைக்கும் தெரியும், தெரிவதில்லை. டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பொறுப்பில் இருந்த இப்னு அல்-ஷாதிர், 1375ல் இறந்தவர், இதைச் சரி செய்து ஒரு சந்திர மாதிரி போட்டார். 1543ல் வந்த கோப்பர்னிகஸின் நூலில் இருக்கும் சந்திர மாதிரி அதேதான். 1950களில் ஆய்வாளர்கள் இதைக் கவனித்தபோது பெரிய அதிர்ச்சி. ஒரு வட்டத்துக்குள் அதில் பாதி அளவுள்ள இன்னொரு வட்டத்தைச் சுழற்றினால் ஒரு புள்ளி நேர்கோட்டில் போய் வரும் என்ற தூஸியின் உத்தியும் கோப்பர்னிகஸிடம் இருக்கிறது. இவ்வளவும் நிச்சயம். எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது நிச்சயமில்லை. அல்-பத்தானி முதலான பழைய அரபி வானியலாளர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் கோப்பர்னிகஸ், இந்த இருவரைச் சொல்லவில்லை. தூஸியின் உத்தி வரும் கிரேக்கச் சுவடி ஒன்று வத்திக்கானில் இருக்கிறது. கோப்பர்னிகஸ் இத்தாலியில் படித்தவர். வழி இருந்தது, நடந்து போன தடம் கிடைக்கவில்லை. பூமியை நடுவிலிருந்து எடுத்தது கோப்பர்னிகஸ்தான்; இப்னு அல்-ஷாதிர் அதைத் தொடவே இல்லை.

மருத்துவத்திலும் இதே மாதிரி ஒரு வழக்கு உண்டு. கெய்ரோவில் 1288ல் இறந்த இப்னு அல்-நஃபீஸ், இதயத்தின் வலப் பக்க ரத்தம் நடுச் சுவரைத் துளைத்துக்கொண்டு இடப் பக்கம் போகவில்லை, நுரையீரல் வழியாகச் சுற்றித்தான் போகிறது என்று காலனையும் இப்னு சீனாவையும் மறுத்து எழுதினார். அது 1924ல்தான், ஜெர்மனியில் படித்த ஓர் எகிப்திய மாணவர் வழியாக, மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. ஐரோப்பாவில் 1553ல் செர்வெட்டஸ் சொன்ன அதே கருத்து இவரிடமிருந்து வந்ததா என்பதற்கு நேரடிச் சான்று இல்லை.

எல்லாம் அவர்கள் கண்டுபிடிப்பு என்ற இரண்டாமவரின் பட்டியலையும் கொஞ்சம் சலிக்க வேண்டும். பூஜ்யம் அவர்களுடையது அல்ல. அவர்களே அப்படிச் சொல்லவில்லை. "விமானம்" என்று சொல்வது ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கொர்தோபாவில் வாழ்ந்த இப்னு ஃபிர்னாஸை வைத்து. சிறகு கட்டிப் பறக்க முயன்று விழுந்தார் என்ற விரிவான கதையைச் சொல்பவர் பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர். இப்னு ஃபிர்னாஸ் காலத்துக் கவிஞர் ஒருவரின் வரியில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஏதோ முயன்றிருக்கலாம், அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். ஐரோப்பா மறைத்தது என்பதும் பாதிதான் சரி. 1085ல் ஸ்பெயினின் தொலேதோ நகரம் கிறிஸ்தவர் கைக்குப் போன பிறகு அரபி நூல்களைத் தேடி ஆட்கள் ஓடி வந்தார்கள். கிரேமோனா ஊர் ஜெரார்ட் தாலமியின் வானியல் நூலைத் தேடி வந்து, 1187ல் இறக்கும் வரை அங்கேயே இருந்து எழுபது நூல்கள் போல லத்தீனாக்கினார். இப்னு சீனாவின் மருத்துவ நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பதினேழாம் நூற்றாண்டு வரை பாடமாக இருந்தது. அப்போது யாரும் எதையும் மறைக்கவில்லை. நவீன அறிவியல் நேராகக் கிரேக்கத்திலிருந்து தங்களுக்கு வந்தது என்ற கதை பின்னால் எழுதப்பட்டது.

"அப்புறம் ஏன் நின்று போனது, இறையியலாளர் கஸ்ஸாலி தத்துவத்தைத் தாக்கியதாலா, 1258ல் மங்கோலியர் பாக்தாதை அழித்ததாலா" என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் அப்படியே பொருந்தவில்லை. தூஸி, பாக்தாதை அழித்த அதே மங்கோலியத் தலைவன் ஹுலாகுவின் பணத்தில் 1259ல் ஈரானின் மராகாவில் வானோக்கு நிலையம் தொடங்கினார். இப்னு அல்-ஷாதிர் கஸ்ஸாலிக்கு இரண்டரை நூற்றாண்டு பிந்தியவர். சமர்கந்தில் அல்-காஷி வட்டத்தின் சுற்றளவு விகிதத்தை 16 தசம இடங்கள் வரை சரியாகக் கணக்கிட்டது 1424ல். எப்போது நின்றது என்பதே தெளிவாக இல்லாதபோது ஏன் நின்றது என்று ஒரே காரணம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆதரித்த அரசவைகள் சரிந்ததும், ஐரோப்பா வேகமெடுத்ததும் பெரிய பங்கு வகித்தன என்பது என் கணிப்பு. நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

இந்தியாவிடம் வாங்கிய அறிவுக் கடனைத் திருப்பித் தந்தார்களா என்று உங்கள் நண்பர் கிண்டலாகக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தந்தார்கள். வானத்தில் கோள்களின் உயரம் பார்க்கும் அஸ்ட்ரோலேப் கருவியைப் பற்றி 1370ல் பிரோஸ் ஷா துக்ளக் ஆதரவில் மகேந்திர சூரி என்ற ஜைனர் சமஸ்கிருதத்தில் 'யந்திரராஜம்' எழுதினார். அவருக்கு அடிப்படை இஸ்லாமிய நூல்கள். ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் ஜெய்சிங்கின் அவையில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜகந்நாத சாம்ராட் யூக்ளிடை 'ரேகாகணிதம்' என்று சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்தார். அவர் கையில் இருந்தது கிரேக்க மூலம் அல்ல, தூஸியின் அரபிப் பதிப்பு.